பின் ஸ்பீக்கரில் ஓர் அணில்

அணில் குட்டியைக் காப்பாற்றியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் காண்டாமிருகம் எரிகிற கிடங்கின் இரும்புக் கதவை ஒரே முட்டில் பெயர்த்தெறிந்து, கூண்டுக்குள் சுருண்டு கிடந்த குட்டியைத் தன் போலீஸ் தொப்பிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கூரை இடிந்து விழ விழத் தெருவில் வந்து குதித்தும் ஆயிற்று. தெருவில் ஒரே கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு அடியில், பார்க்கிறவனின் பின்னால் இடப் பக்கம் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து மட்டும், அதே குட்டியின் குரல் இன்னொரு தடவை கேட்டது.

“மாமா, நான் இங்க இருக்கேன்.”

பாம்புச்செவி படத்தை நிறுத்தினான்.

அது அவன் பெயரில்லை, ஆபீஸில் வைத்தது. சினிமாப் படங்களை வீட்டில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காகப் போடுகிற கம்பெனி அது. ஆயிரக்கணக்கில் அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு மாதிரி டிஸ்க் வரும். படத்தில் குறை பார்ப்பது கண்ணாடி அண்ணன். சத்தத்தில் குறை பார்ப்பது இவன். ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்லுவான் என்று கேலி பேசுவார்கள். முதலில் முழுப் படத்தையும் ஒரு முறை கேட்பான். பிறகு அறையைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்பான். பின் ஸ்பீக்கர்களில் மழை இருக்கும், காற்று இருக்கும், கூட்டத்தின் இரைச்சல் இருக்கும். அங்கே யாரும் பேச மாட்டார்கள். பேசுகிறவர்கள் எப்போதும் முன்னால்தான் பேசுவார்கள்.

அது மட்டுமா? வசனத் தாளில் அந்த வரி அந்த இடத்தில் இல்லவே இல்லை. இது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அணிலுக்குக் குரல் கொடுத்தவள் அவன் மகள்.

ஆபீஸ் மாடியில் இந்தப் படத்துக்குக் குரல் பதிவு நடந்தபோது, “உன் பொண்ணை ஒரு நாள் கூட்டிட்டு வாப்பா, நாலே நாலு வசனம்தான்” என்று அங்கே டப்பிங் நடத்துகிற அக்காதான் கேட்டாள். வீட்டில் மகளுக்கு வாலு என்று பெயர். மைக்குக்கு எட்டாமல் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டு அவள் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல.

“நான் ஃபைட் பண்ற அணில்தானேப்பா?”

“இல்லடா, மாட்டிக்கிற அணில். போலீஸ் வந்து காப்பாத்தும்.”

“போங்கப்பா. போலீஸ் வர்றதுக்குள்ள நானே வெளிய வந்துடுவேன்.”

படம் தியேட்டருக்கு வருவதற்குள் வாலு போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொற்றும் என்று சொல்லிக் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறைக்குள் போட்டார்கள். பெற்றவர்களுக்குக்கூட உள்ளே அனுமதி கிடையாது. விளக்கை அணைத்தபோது அவள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு, “இருட்டா இருக்குப்பா” என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. ஊசி விழும் சத்தம் கேட்கிற காதுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மனைவி போனில் இருக்கிற மகளின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு இறங்காது, போன் கீழே இறங்காது. ஒரு நாள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுங்க. புதுசா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறா” என்றாள். அன்று அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

இப்போது அவன் மற்ற ஸ்பீக்கர்களை அடைத்தான். பின்னால் இடது மட்டும். ஜன்னலில்லாத அந்த அறையில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி போர்த்திய அந்த அறையில், தன் மூச்சே தனக்கு உரக்கக் கேட்கிற அமைதியில், நெருப்பு சடசடக்கும் ஒலி முதுகுக்குப் பின்னால் எழுந்தது. மரம் முறிந்தது. காற்று இரைந்தது. கைதட்டல் தூரத்தில் கேட்டு மெல்லத் தேய்ந்தது. அதற்குக் கீழே ஒரு மூச்சு, மூக்கடைத்த சின்ன மூச்சு, நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தட்டி எடுக்கிற அந்தச் சத்தம், தூக்கம் வராதபோது வாலு போடுகிற சத்தம். கூடவே ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற மருந்தின் வாடை வந்தது. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. டிஸ்க்கிலிருந்து வாடை வருமா?

“மாமா போயிட்டாரு” என்றது பின்னாலிருந்து. “வேற யாரையோ தூக்கிட்டுப் போயிட்டாரு. நான் இங்கதான் இருக்கேன்.”

அவன் திரும்பினான். ஸ்பீக்கர். சுவர். வேறொன்றும் இல்லை.

கண்ணாடி அண்ணனைக் கையோடு இழுத்துவந்து உட்கார வைத்தான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டார். வாலு இவன் பிடரிக்கு அருகில் பேசிக்கொண்டே இருந்தாள். அண்ணனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“நெருப்பு எரியுது. நல்லாவே எரியுது. வேற என்னப்பா?”

“பேச்சு கேக்கலையாண்ணே?”

அண்ணன் அவன் தோளில் கை வைத்தார். “நம்ம கணக்கு உனக்குத் தெரியாததா? நாலு காதுல கேட்டாதான் குறை. ரெண்டு காதுல கேட்டா அது மனசு. நீ இந்தப் படத்தை செக் பண்ண எடுத்திருக்கவே கூடாது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“குறைன்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?”

“என்ன பண்ணுவாங்க, அந்தப் பின்பக்கச் சத்தத்தை அழிச்சிட்டுப் புதுசா போட்டு அனுப்புவாங்க. இல்லைன்னா இதுவே அச்சுக்குப் போகும். வீட்டுக்குப் போ. சாயங்காலம் போன் பண்றேன், ஒரு முடிவு சொல்லு.”

மாதிரி டிஸ்க் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அதை மீறாதவன் அன்று டிஸ்க்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு இன்னும் இரண்டு காது வேண்டியிருந்தது. தனக்குப் பித்துப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் போதும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டான். பொய். மகள் புதிதாகப் பேசுகிறாள் என்று அவளைப் பெற்றவளிடம் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு மனைவி முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். யாரோ வீட்டுக்கு வரப் போகிறார்கள் என்பதுபோல் இருந்தது அவள் உட்கார்ந்த விதம். சோபாவுக்கு முன்னால் டிவி. பின்னால், இடப் பக்கம், வாலுவின் அறை. அதன் கதவு மூடித் தாழ்ப்பாள் போட்டே கிடந்தது. இருவரும் அந்தப் பக்கம் போவதில்லை.

டிஸ்க்கைப் போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு என்ன புண்ணியம்! வீட்டில் பின் ஸ்பீக்கரே கிடையாது. இருப்பதெல்லாம் டிவிக்குள் இருக்கிற ஸ்பீக்கர்தான். பின்பக்கக் குரல் இங்கே எங்கிருந்து கேட்கும்? அவனுக்கு ஒரு பக்கம் ஏமாற்றமாகவும் ஒரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது.

காண்டாமிருகம் கதவை முட்டியது. அணில் தொப்பிக்குள் விழுந்தது. கூரை இடிந்தது. கைதட்டல்.

“அம்மா.”

சோபாவுக்குப் பின்னால். இடப் பக்கம்.

மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

“கேட்டுச்சா?” என்றான்.

“புதுசா பேசுறாளே” என்றாள் அவள். சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு சிரித்தாள்! “எம் பொண்ணு புதுசா பேசுறா.”

“அம்மா, இங்க இருட்டா இருக்கு.”

நாலு காது. அப்படியானால் குறைதான். அழிக்கச் சொல்லிவிட வேண்டும். அவன் ரிமோட்டை அழுத்தினான். படம் நின்றது. திரை கறுத்தது. கைதட்டல் அறுந்தது. குரல் நிற்கவில்லை. மூக்கடைத்த மூச்சு. நாக்கைத் தட்டுகிற சத்தம். மருந்து வாடை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உள்ளங்கையால் தட்டுகிற மெத்தென்ற ஓசை.

மனைவி எழுந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“போகாதே. அது அவ இல்ல. தயவுசெஞ்சு போகாதே.”

“விடுங்க.” அவள் கோபப்படவில்லை. கெஞ்சினாள். “அன்னிக்கும் வெளியவே நின்னோம். இன்னிக்குமா?”

அவன் பிடி தளர்ந்துவிட்டது.

தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். “வந்துட்டேன்டா, வந்துட்டேன் கண்ணு” என்று அவள் சொல்வது. கதவு சாத்திக்கொள்கிற சத்தம். பிறகு எதுவுமில்லை. பஞ்சு வைத்த அந்த ஆபீஸ் அறையில் இருப்பதுபோன்ற அமைதி.

அவன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளி விளக்கைப் போட்டான். மடித்து வைத்த போர்வை. தூசி படிந்த பள்ளிப் பை. கம்பி போட்ட ஜன்னல், கொக்கி மாட்டியபடியே. கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அலமாரிக்குள் பார்த்தான். அவளைப் பெயர் சொல்லிக் கத்தினான். தரைத் தூசியில் அவள் காலடிகள் உள்ளே வந்திருந்தன. நடுவில் நின்றன. திரும்பிப் போகவில்லை.

போன் அடித்தது.

“என்னப்பா?” கண்ணாடி அண்ணன். “யாராவது கேட்டாங்களா? குறைன்னா இப்பவே சொல்லு, அழிக்கச் சொல்லிடறேன்.”

அவன் சோபாவுக்கு வந்து உட்கார்ந்தான். பின்னால், இடப் பக்கம், இரண்டு மூச்சுகள்.

“என்னங்க” என்றது பெரிய குரல், மெதுவாக. “இங்க ரொம்ப இருட்டா இருக்குங்க.”

“அப்பா” என்றது சின்னக் குரல். “நாங்க இங்க இருக்கோம்.”

“ஹலோ? இருக்கியா?” என்றார் அண்ணன்.

அழித்தால் என்ன ஆகும்? அழித்தால் இருவரும்தான் அழிவார்கள். கண்ணீர் வாய்வரை வழிந்து உப்புக் கரித்தது.

“குறை எதுவும் இல்லண்ணே” என்றான். “நல்லா இருக்கு. அப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவு. விளக்கெரிகிற வெறும் அறை. மறுபடி முன்னால் பார்த்தான்.

அணைந்த திரையில் சோபா தெரிந்தது. அவன் தெரிந்தான். அவனுக்குப் பின்னால் அந்த வாசல் தெரிந்தது, அங்கே விளக்கு எரியவில்லை. இருட்டில் அவர்கள் நின்றார்கள். மனைவியும் மகளும். திறந்துகிடந்த வாசலில், எதுவுமே இல்லாத இடத்தில், நாலு உள்ளங்கைகளும் கண்ணாடியில் பதிந்ததுபோல் வெளுத்துத் தட்டையாகப் பதிந்திருந்தன. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

இருவரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.