மெத்தைக்கு அடியில் இருந்த பாய்

செஃபோவின் கண்களை டெல்லா முதன்முதலில் பார்த்தபோது அவை மூடியிருந்தன.

அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழக்கம் அப்படி. வீட்டுக்காரரை இரண்டு நாள் வெளியே அனுப்பிவிட்டு, குறைந்த செலவில் ஒரு அறையை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார்கள். திறந்ததும் அவர் வாயடைத்துப் போக வேண்டும். முடிந்தால் இரண்டு சொட்டுக் கண்ணீரும். கூட்டி வருவது தொகுப்பாளினியின் வேலை. அன்று தூறலில் அவள் ஒப்பனை கலைந்துவிட, வேனுக்குள் போனவள் வந்த பாடில்லை. வெளிச்சம் போகிறதே என்று இயக்குநர் பதற, கையெல்லாம் ஈரமாக நின்ற அலங்கார உதவியாளர் டெல்லாவின் தலையில் அந்த வேலை விழுந்தது. கை மட்டும்தான் படத்தில் தெரியும், போ என்றார்கள்.

ஆள் நல்ல உயரம். லாங் பீச் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஆனால் அந்த இமைகள்... நீளமாக, நுனியில் ஒரு மழைத்துளியோடு... தூங்குகிற குழந்தைக்கு இருப்பது போல. இப்படி ஒருவன் தன்னை நம்பிக் கையைக் கொடுத்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். யாருமே கொடுத்ததில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது.

“கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?” என்றான்.

“பெயிண்ட் கழுவினேன். உங்க வீட்டுக் குழாயில சுடுதண்ணி வரல.”

“அது என் பேச்சை மட்டும்தான் கேக்கும். ரெண்டு தட்டு தட்டணும்.”

“சரி... படி இருக்கு, பாத்து வாங்க.”

“கண்ணை மூடிக்கிட்டு எப்படிங்க பாக்குறது?”

டெல்லா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், தன் சிரிப்பையே கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று தோன்றியது. மொத்தம் பன்னிரண்டு அடி நடந்தார்கள். இன்னும் பன்னிரண்டு அடி இருந்திருக்கக் கூடாதா...

கண்ணைத் திறந்தான்.

எதிரே மூங்கில் பார். மேலே பிளாஸ்டிக் புல்லில் கூரை. மூலையில் பல்லைக் காட்டிக்கொண்டு ஆளுயர மரமூஞ்சி. சமோவாக் குடும்பம், தீவுக்காரர்கள், அப்படியென்றால் ஹோட்டல் பார்களைத் தீவு மாதிரி ஜோடிக்கும் டிக்கி பாணிதானே என்று வடிவமைப்பாளர் ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்திருந்தார். செஃபோ அதையெல்லாம் பார்க்கவில்லை. பாரின் முன்பக்கத்தில் வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியிருந்த பாயைத்தான் பார்த்தான். அதன் ஓரத்துச் சிவப்பு இறகுகளை வெட்டி விளக்கைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள்.

எப்படியிருக்கிறது என்று இயக்குநர் கேட்டார். வாசலில் தங்கை லூபே நின்றாள். அம்மா போன பிறகு ஒண்டியாய் உட்கார்ந்தே கிடக்கும் அண்ணனுக்காக நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டவள் அவள்தான். அவள் முகத்துக்காக, “நல்லாருக்கு” என்றான். சந்தோஷம் போதவில்லை என்று மூன்று முறை சொல்ல வைத்தார்கள். மூன்று முறையும் சொன்னான்.

கேமரா நின்றதும் பாயருகே மண்டியிட்டான். இதை யார் எடுத்தது என்று கேட்டான். வடிவமைப்பாளர் கூரையைப் பார்த்தார்.

“நான்தான்” என்றாள் டெல்லா. “மெத்தைக்கு அடியில கிடந்தது. பழைய பாய்னு நெனச்சேன்.”

வீட்டில் கிடக்கும் பழசை எடுத்துப் பயன்படுத்தினால் செலவில் சேராது என்பது நிகழ்ச்சியின் விதி. சமோவாக்காரர்கள் வீட்டிலேயே விலைமதிக்க முடியாத பொருளைத்தான் மெத்தைக்கு அடியில் வைப்பார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அது அவன் அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சீர்ப்பாய். ஜனவரியில் லூபேயின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியது. அதைச் சொல்லும்போதும் அவன் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மன்னிச்சிடுங்க என்றாள். அப்படியில்லை என்பது போல அவன் தலையாட்டினான்.

“எங்க தீவுல இதை வாயால கேக்க மாட்டாங்க. நல்ல பாயா ஒண்ணு எடுத்துத் தலைமேல போர்த்திக்கிட்டு, வாசல்ல வந்து உக்காருவாங்க. வீட்டுக்காரங்க அந்தப் பாயை எடுத்தா மன்னிச்சாச்சு. எடுக்கலேன்னா உக்காந்தேதான் இருக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினான். “உங்களுக்கென்ன... நாளைக்கு வேற வீடு இருக்கும்.”

சுருக்கென்று தைத்தது. உண்மையும் அதுதானே. எத்தனையோ வீட்டை அலங்கரித்தவளின் வாடகை அறையில் நான்கு வருடமாகச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. கழுவி வைக்க ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கோப்பை.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போன பிறகு வந்து நின்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து அண்ணன் வீட்டைப் பார்க்க வந்திருந்த லூபே, ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுச் சாவியையும் கொடுத்தாள். அண்ணன் நாலு மணிக்கு வந்துவிடுவான், அதற்குள் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவளும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

பாயின் நார் பட்டுப்போல மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழியும். ஒவ்வொரு பின்னையும் ஊசி முனையால் நெம்பி நெம்பித்தான் எடுக்க வேண்டும். யாருமில்லாத வீட்டில் கடிகாரம் மட்டும் ஓடியது. தொட்டியில் ஒரே ஒரு கோப்பை கிடந்தது. இங்கேயும் அப்படித்தானா என்று நினைத்துக்கொண்டாள். மரமூஞ்சி முறைக்கவே, எழுந்துபோய் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

இரண்டாம் நாள் மூஞ்சி மறுபடி இந்தப் பக்கம் பார்த்தது. தலையில் துறைமுகத் தொப்பி.

அட... அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோபம்தானா இது? கோபக்காரன் மரத்துக்குத் தொப்பி மாட்டுவானா? கேட்க ஆளில்லை. அவள் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு இறகுகளைத் தைக்க உட்கார்ந்தாள். மூன்றரைக்கு இவள் போவாள், நாலுக்கு அவன் வருவான். ஒரே வீட்டில் முறைவைத்து இருவரும் தனியாக இருந்தார்கள்.

மூன்றாம் நாள் கை கழுவக் குழாயைத் திறந்தாள். சுடுதண்ணீர் வந்தது. தட்டவே இல்லை. புதுக் குழாய் போட்டிருந்தான். தண்ணீருக்கடியில் கையை வைத்துக்கொண்டு டெல்லா அப்படியே நின்று அழுதாள். அன்று போகும்போது, சனிக்கிழமை அவனுக்கு விடுமுறையா என்று லூபேக்குச் சீட்டு எழுதி வைத்தாள். ஆமாம் என்று மறுநாள் அதே சீட்டில் பதில் இருந்தது. அன்றே வேலையும் ஏறக்குறைய முடிந்தது. பாயைச் சுருட்டி எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். செஃபோ வீட்டு வாசல் புல்தரையில் ஒருத்தி தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பொட்டலம். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் எங்கே? அந்த ஒற்றைத் தட்டுக்கா?

கதவு திறந்தது. பெரிய பூட்ஸ் இரண்டு எதிரே வந்து நின்றன. பாயை எடுக்கவில்லை.

“இது கடையில வாங்குன பாய்” என்றான்.

“ஆமா. அந்த நிகழ்ச்சிக்கு வாங்கி மிஞ்சினது.”

“நல்ல பாயாப் போடணும்னு சொன்னேனே.”

“நல்லது நனைஞ்சிடும்ல... மடியில வெச்சிருக்கேன்.”

பிறகு பாயின் ஓரம் உயர்ந்தது. எடுத்துவிடப் போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எடுக்கவில்லை. குனிந்து, அந்தப் பாய்க்குள்ளேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“நாலு நாளா மேல கிரேன்ல உக்காந்திருக்கும்போது, வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னு நெனப்பு” என்றான் மெதுவாக. “அதுக்காகவே சீக்கிரம் கிளம்பணும்னு தோணும். வந்தா நீ போயிருப்ப... பின்னெல்லாம் எடுத்தாச்சா?”

அவன் ‘நீ’ என்றதை இருவருமே கவனிக்காதது போல இருந்தார்கள்.

“பாய் ஓரத்துல ஒண்ணு மட்டும் எடுக்கல.”

“வரலையா?”

“வரும். விட்டு வெச்சிருக்கேன்.”

“ஏன்?”

டெல்லா மடியிலிருந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாத்தையும் எடுத்துட்டா... திங்கக்கிழமை நான் எதுக்கு வரேன்னு சொல்றது?”

அவள் கையைத் தேடி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். முகத்தைத் திருப்பினாள். ஒரு சாண் தூரத்தில் அந்தக் கண்கள், இந்த முறை நன்றாகத் திறந்திருந்தன.

“அதை எடுக்கவே வேண்டாம்” என்றான். “எல்லா நாளும் வா.”

வாசற்படியில் நின்ற லூபே, ரெண்டு பேரும் உள்ளே இருந்தால் பாயை யார்தான் எடுப்பது என்று சலித்துக்கொண்டே மழையில் இறங்கி வந்தாள்.