வேலிக்குள் இருந்த மண்

உப்புப் போடாத கஞ்சி உப்புக் கரித்தது.

பேர்ளி கரண்டியை வைத்துவிட்டு மறுபடி எடுத்து, நாக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கரிப்புத்தான். அந்த வீட்டில் செப்டெம்பரிலிருந்து உப்பே இல்லை. அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது, உப்புச் சேர்ந்தால் நெஞ்சில் தண்ணீர் கட்டும், படுத்த இடத்திலேயே மூச்சு முட்டிவிடும் என்று வைத்தியர் சொன்ன அன்றே, உப்புப் போத்தலையும் கருவாட்டையும் ஊறுகாயையும் அவள் கையாலேயே கீழே கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருந்தாள்.

"அம்மா, இதுக்குள்ளை என்னத்தைப் போட்டனீங்கள்?"

"அரிசியும் தண்ணியும். காலங்காத்தாலை பொலிஸ் விசாரணையோ?"

அம்மா மரியநாயகி மன்னார்ப் பக்கத்துக்காரி. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும் அவருக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும்தான் வரும். மற்றதெல்லாம் பேர்ளியின் வாய். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து விசா தரும் பிரெபெக்சர் அலுவலகக் கடிதம், மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் சண்டை வரை அவள்தான் மொழிபெயர்த்தாள். பத்து வசனத்தை ஒரு வசனமாகச் சுருக்கிச் சொல்லிப் பழகியும் இருந்தாள்.

கொப்பியை எடுத்து எழுதினாள். 'திங்கள், 18 நவம்பர் 2013. காலை 7.10. கஞ்சி உப்பு. என் நாக்கில் பிழையோ?'

எதையும் நேரம் போட்டு எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. பகலில் போன் கடையில் வேலை. வாரத்தில் மூன்று மாலை, மத்தியதரைக்கடல் கரையோர இயற்கைக் காப்பகங்களையும் அவற்றைக் கெடுக்காமல் சுற்றுலா நடத்தும் வழிகளையும் படித்தாள். தனியொருவர் கண்டது தரவாகாது, இன்னொருவரும் காணவேண்டும் என்பது வகுப்பின் முதல் விதி. ஆகவே கஞ்சியைப் போத்தலில் ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள்.

"பூநாரை எண்ணப் படிக்கிற ஒரே தமிழ்ப் பெட்டை நீதான்" என்று தினமும் நையாண்டி பண்ணும் கடை முதலாளி சாந்தன் அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னடியப்பா, கடலை அள்ளி அப்பிடியே அடுப்பிலை வைச்சனீங்களோ? கொம்மா வருத்தக்காரி எல்லே?"

தன் நாக்கில் பிழையில்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான், அதே கஞ்சியை அம்மாவும் குடிக்கிறார் என்பது உறைத்தது.

அன்று மாலை அம்மாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி நெடுநேரம் அப்படியே கிடந்தது. குழாய்த் தண்ணீரைச் சுவைத்தாள், நல்ல தண்ணீர். அம்மாவின் கட்டிலருகே இருந்த குவளையைச் சுவைத்தாள். உப்பு. வீட்டில் ஒரு மணமும் இருந்தது. வெளியே மேம்பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ போகும்போதெல்லாம் யன்னல் அதிர்ந்து, அந்த அதிர்வில் எங்கோ மூடியிருந்த ஒன்று திறந்துகொள்வதுபோல, அழுகிய பாசியும் நனைந்த இறகும் வெயிலில் காய்ந்த சேறும் கலந்த மணம் நடை வழியாக மெல்ல வந்து, ரயில் போனதும் பின்வாங்கியது.

அந்த மணத்தை அவளுக்குத் தெரியும். கடலோர உப்பேரியின் மணம், களப்பு மணம்.

ஒக்டோபரில் வகுப்பு தெற்கே ஒரு களப்புக் காப்பகத்துக்கு நான்கு நாள் போயிருந்தது. அம்மாவைத் தனியே விட முடியாமல் கூட்டிப்போனாள். காவலர் மார்செல், உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் கையிலிருந்த எண்ணிக் கருவியை 'டக் டக்' என்று அழுத்தி எண்ணுவார். களப்பின் நடுவே, வேலியடைத்த மேட்டில், கூரையில்லாத ஒரு சின்னக் கட்டடம். சுவரில் சிலுவை. அதைக் காட்டி அவர் நீளமாக ஏதோ சொன்னார். பேர்ளி அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டுரைக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"பழைய கோயிலாம் அம்மா."

அவ்வளவுதான் சொன்னாள்.

வெளியே வரும்போது மார்செல் இரண்டு தரம் எண்ணினார். போனது பதினொன்று. வந்தது பன்னிரண்டு. சிரித்துவிட்டுப் பதினொன்று என்றே பதிந்தார். அவள் கொப்பியில், '11/12. நான் குறுக்கே நின்றேனோ?' என்றிருந்தது.

நவம்பர் கடைசியில் அம்மா மேசையில் கூடுதலாக ஒரு கோப்பை வைத்தார். மறுநாள் இரண்டு. பிறகு நான்கு.

"ஆருக்கு அம்மா?"

"வந்த சனத்துக்கு ஒரு வாய் குடுக்காமல் விடலாமே? அதுகள் பாவம். சரியாக் குளிருதாம்."

அந்த வீட்டில் இது புதிய பேச்சல்ல. ஒரு காலத்தில் நாட்டிலிருந்து வந்திறங்கியவர்கள் வீடு கிடைக்கும்வரை அந்த நடையில்தான் வரிசையாகப் படுத்தார்கள். ஒருவரையும் அம்மா பசியோடு படுக்க விட்டதில்லை. நோயில் பழசும் புதுசும் குழம்புகிறது என்று பேர்ளி நினைத்தாள். அப்படித்தான் எழுதியும் வைத்தாள். ஆனால் காலையில் கோப்பைகள் வெறுமையாக இருந்தன. விளிம்புகளில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். உப்பு.

டிசெம்பர் மூன்றாம் தேதி காலை, அம்மா குளிக்கப் போனபோது, மாதா சுரூபத்தின் பின்னால் அந்தத் தகர டப்பாவைக் கண்டாள். உள்ளே கைலேஞ்சித் துணியில் கட்டிய சாம்பல் நிற மண். ஈரமாக இருந்தது. ஒன்றரை மாதமாகியும் ஈரமாக இருந்தது.

"அம்மா! இது எங்கத்தை மண்?"

"கத்தாதை. அந்தக் கோயிலிலை எடுத்தது. வேலியிலை ஒரு ஓட்டை இருந்தது, கையை விட்டு அள்ளினன்." அம்மா தலையைத் துவட்டியபடி சாதாரணமாகச் சொன்னார். "மடு மாதா கோயிலுக்குப் போனால் மண் எடுக்காமல் வாறனாங்களே? விசக்கடிக்கு, வருத்தத்துக்கு எல்லாத்துக்கும் அதுதானே மருந்து. ஒவ்வொரு நாளும் ஒரு கிள்ளுத் தண்ணியிலை போட்டுக் குடிக்கிறன். கஞ்சியிலையும் போட்டன், உனக்கும் நல்லதெண்டு. நீதானே சொன்னனி, கோயில் எண்டு?"

மூச்சுக்கு மூச்சு அம்மாவின் நெஞ்சில் சிறு அலைபோல ஒன்று கரைமோதியது.

பேர்ளி கொப்பியில் ஒக்டோபர்ப் பக்கத்தைத் திறந்தாள். மார்செல் சொன்னது முழுவதும் அவளுடைய சின்ன எழுத்தில் பிழையில்லாமல் இருந்தது. 'அது கோயில் இல்லை. கடல் கொண்டுவந்து போட்ட, உரிமை கேட்க ஆளில்லாத பிணங்களை உப்பளத்துக்காரர் அங்கே புதைத்தார்கள். அந்த மண் வேலியைத் தாண்டக்கூடாது என்பார்கள். மண் போன வீட்டுக்கு அவர்களும் போவார்களாம், அவர்கள் தேடுவது ஒரு வீடு. பறவைகளுக்கு அது நல்லது, ஒருவரும் உள்ளே போவதில்லை.' அதன் கீழே அவள் கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'பயம் வேலியைவிட நல்ல பாதுகாப்பு. கட்டுரைக்கு!'

பின்னேரம் கடையின் பின்புறம் நின்று காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மார்செலின் குரலுக்குப் பின்னால் காற்று.

"மண்ணைத் திருப்பிக் கொண்டுவருகிறேன். நாளைக்கே."

"முழுவதுமா?"

"அரைவாசி இருக்கிறது."

"மிச்சத்தை எங்கே கொட்டினீர்கள்?"

"அம்மா குடித்துவிட்டார்."



"அப்படியானால்" என்றார் அவர், "நீங்கள் திருப்பிக் கொண்டுவர வேண்டியது மண் இல்லை, மத்மசெல்."

சாந்தன் அண்ணையிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடினாள். ஐந்து மணியாகவில்லை, ஆனால் தெரு இருட்டிவிட்டது. மரக்கறிக் கடைக்காரர்கள் விளக்கேற்றியிருந்தார்கள், யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நெஞ்சுத் தண்ணீரை எடுப்பார்கள், எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சொல்லாகத் தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறினாள். மூன்றாம் மாடியில் படி ஈரமாக இருந்தது. நான்காம் மாடியில் கதவு திறந்திருந்தது.

விளக்கு எரிந்தது.

நடை முழுக்க விரிப்புகள். அலுமாரியின் மேல் வருடக்கணக்காக மடித்து வைத்திருந்தவை. தலைமாடும் கால்மாடுமாக, வரிசையாக, முன்பு விரித்ததுபோலவே. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஆளின் அளவுக்கு ஈரம். தலை. தோள். கால்.

பைக்குள் வகுப்பில் கொடுத்த எண்ணிக் கருவி இருந்தது. அவளுடைய பெருவிரல் தானாக அழுத்தியது. டக். டக். டக்.

பதினொன்று.

நடையின் கோடியில் அம்மா நாற்காலியில் இருந்தார். கால் இரண்டும் வீங்கித் தரையிலிருந்த தண்ணீரில் கிடந்தன. உதடு நீலம். பேர்ளியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வந்திட்டியே. இவை என்னவோ கேக்கினம் பிள்ளை. எனக்கு விளங்கேல்லை. நீ கேட்டுச் சொல்லு."

அப்போதுதான் கேட்டது. சுவரோரமாக. தரையோடு தரையாக. தண்ணீர் நிறைந்த தொண்டைகள். பழைய பிரெஞ்சு. ஒரே வசனம். ஒரே கேள்வி.

மண்ணுக்குப் பதில் ஓர் ஆள். குடித்தவளா, சொல்லாமல் விட்டவளா?

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

பேர்ளி வாயைத் திறந்தாள். முழுக்கச் சொல்லவேண்டும். இந்தத் தரமாவது.

"குளிருதாம் அம்மா" என்றாள். "வேறை ஒண்டுமில்லை."

ஈரங்கள் அசைந்தன. விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் மேடு தட்டின.

அம்மாவின் சிரிப்பு மாறவில்லை. ஆனால் கண் மாறியது. கண் பயந்தது. வாய் அகலத் திறந்தது. வணக்கமும் நன்றியும் மட்டுமே தெரிந்த அந்த வாயிலிருந்து, நல்ல பிரெஞ்சில், பல குரலில், பதில் வந்தது.

"சொல்லாமல் விட்டவள்."

தாடை வழியே தண்ணீர் வழிந்தது. நிற்காமல் வழிந்தது. அம்மாவின் இரண்டு கைகளும், அம்மாவைக் கேளாமலே, மடியிலிருந்த கடைசி விரிப்பை எடுத்து உதறி, சுருக்கமெடுத்து, பேர்ளியின் காலடியில் விரித்தன. அது காய்ந்திருந்தது.

தலைமாட்டில் அவளுடைய தலையணை.

பைக்குள், ஒருவரும் தொடாத எண்ணி அழுந்தியது.

டக்.