ஏழாம் வரிசையின் கடைசிக் குழி

கூலாய் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் கிடக்கிறது அந்தப் பழைய ஈயச்சுரங்கம். அதை மூடி எத்தனையோ வருடங்கள் ஆகியும் புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை மணல், நடுவில் சுரங்கப் பள்ளத்தில் நீர் தேங்கி அசையாமல் கிடக்கும் ஈயக்குட்டை. மறுபடியும் காட்டுப் புதர்களை வளர்த்தால் பறவைகளும் சருகுமான்களும் திரும்பி வரும் என்பது திட்டம். அதற்காகச் செண்டுடுக் என்ற காட்டுப் புதர்ச்செடியை நடும் வேலைக்கு நானும் என் தங்கை லோஷினியும் தினமும் காலை ஏழரைக்கு அங்கே வேனில் போய் இறங்குவோம்.

நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. மாசாயில் எங்கள் பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போனால், விளக்கில்லாத படிகளில் எட்டு மாடியும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவேன். அம்மா போனபின் லோஷினிக்கு எல்லாமே நான்தான். எனக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை.

மணலுக்கு அடியில் சேறு இருந்தால் செடி அழுகிவிடும். அதனால் குழி தோண்டியதும் குப்புறப் படுத்து, தோள்வரை கைவிட்டு அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்போம். எந்தக் குழியையும் திறந்து போடக்கூடாது. சருகுமான் காலை ஒடித்துக்கொள்ளும் என்பார் மேற்பார்வையாளர் லெட்சுமணன். எங்களோடு செடி நட்ட அங்கம்மா அக்கா சொன்ன காரணமே வேறு.

"சாவுக்குத் தோண்டுன குழிய வெறுமனே விடுவாங்களா? குழின்னா ஆள் கேக்கும்லா. செடி இல்லன்னா ஒரு கல்லயாவது போட்டு மூடிரணும்."

"இங்க யாருக்கா கேக்கப் போறா?" என்று சிரித்தேன்.

"அந்தக் காலத்துல மண்ணு சரிஞ்சு உள்ள போனவங்கள யாரும் வெளிய எடுக்கல, ஷர்மினி."

அன்று மூன்று மணிக்கே வானம் இருட்டிவிட்டது. ஏழாம் வரிசையின் கடைசிக் குழியைத் தோண்டி முடித்த லோஷினி, செடி எடுக்க எழுந்தாள். அதற்குள் இடி.

"அக்கா, குழி தொறந்து கெடக்கு."

"நாளைக்குப் பாத்துக்கலாம். வா லா!"

அப்படிச் சொன்னது நான்தான்.

இரவு முழுக்க மழை. மறுநாள் பள்ளமெல்லாம் தண்ணீர் நின்றது. அந்தக் குழியில் மட்டும் ஒரு சொட்டுகூட இல்லை. உள்ளிருந்து துருப்பிடித்த இரும்பும் ஊறிய துணியும் கலந்த வாடை வந்தது. அதுவரை குட்டையோரம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரேயடியாக அடங்கின.

லோஷினி வழக்கம்போலப் படுத்து வலது கையை விட்டாள்.

எழுந்திருக்கவில்லை.

"அக்கா." குரல் காற்றாக வந்தது. "உள்ள ஒரு கை இருக்கு."

"வெளையாடாத."

"என் கையப் புடிச்சிருக்குக்கா. இழுக்கல. சும்மா புடிச்சிருக்கு."

அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

அதுவும் இழுத்தது.

அவள் கன்னம் மணலில் புதைந்தது. கையில் செடியோடு அங்கம்மா அக்கா ஓடி வந்தார். "இழுக்காத! குழிய நெரப்பு!"

எங்கே நிரப்புவது? என் தங்கையின் கையே அந்தக் குழியை அடைத்துக்கொண்டிருந்தது. நானும் படுத்து, அவள் கையை ஒட்டி என் கையைத் திணித்தேன். ஊறிப்போன விரல்கள் தட்டுப்பட்டன.

"குழியத் தொறந்து போட்டது நான்," என்றேன். "அவள விட்டுரு. என்னைப் புடிச்சுக்க."

அந்த விரல்கள் என் கையை ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தன.

பிறகு என்னைத் தள்ளிவிட்டன.

அதற்குள் அங்கம்மா அக்கா செடியை மண்ணோடு எங்கள் கைகளுக்கு நடுவில் அழுத்தி இறக்கினார். பிடி தளர்ந்தது. இருவரும் மல்லாந்து விழுந்தோம். மூவருமாகக் கால்கள் வலிக்கும்வரை அந்த மண்ணை மிதித்தோம். அன்றோடு வேலையை விட்டோம்.

நான்கு மாதமாகிறது. லோஷினி இப்போது தொழிற்சாலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். மருத்துவர் பார்த்து, கையில் ஒன்றுமில்லை என்றார். தப்பித்தோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு கடைத்தெருவில் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் சீறி வந்தது. பதறிப்போய் அவள் வலது கையைப் பற்றினேன்.

ஏற்கெனவே அதை யாரோ பிடித்திருந்தார்கள். ஈரமான, ஊறிப்போன விரல்களால்.

"விடுக்கா," என்றாள் லோஷினி, என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நாங்க பாத்துப் போய்க்குவோம்."