டாக்டர் தம்ரோங்கின் மஞ்சள் அட்டை

“அக்கா, என் பெண்டாட்டிக்கு இல்லாத நோயை இருந்ததா எழுதிட்டாங்க!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் லமாயின் வீட்டுக்குள் வந்து நின்ற பிரசோங்கைப் பார்த்ததும் ஜுக் துள்ளி எழுந்தான். தாய்லாந்தின் ட்ராங் நகரில் அப்படி வருகிறவன் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லை வீட்டில் இழவு விழுந்திருக்க வேண்டும். பிரசோங்கோ மீன்பந்து நூடுல்ஸ் விற்கும் பரம சாது.

லமாய் மட்டும் அசையவில்லை. அரசு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள் அவள். ஓய்வு பெற்ற பிறகு, காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்த ஆட்களெல்லாம் அவளைத்தான் தேடி வந்தார்கள். அவளைத் தன் தவளைமூஞ்சி டுக்-டுக் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலைவதும், கேட்காத யோசனைகளைச் சொல்வதும் ஜுக்கின் வேலை.

“உக்காரு தம்பி. முதல்ல தண்ணி குடி.”

பிரசோங்கின் மனைவி குங்குக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அரசு மருத்துவமனையில் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவு நாள் தாங்காது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாகக் காப்பீடு இருக்கிறது. ஆனால் பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டாள் என்று நிறுவனம் மறுத்துவிட்டது. அதற்குச் சாட்சி ஒரு மஞ்சள் நோயாளி அட்டையின் நகல். தேதி நான்கு வருடம் முந்தையது. ‘நத்தனிச்சா. மூச்சுத் திணறல். இதயத்தில் இரைச்சல்.’ கீழே கிளினிக் டாக்டர் தம்ரோங்கின் கையெழுத்து.

“நத்தனிச்சாங்கறது குங்தானா?” என்றான் ஜுக்.

“அவதான். அடையாள அட்டையில இருக்கற பேரும் நம்பரும் அதேதான்.” பிரசோங் நகலை லமாயிடம் நீட்டினான். “அந்த டாக்டர்கிட்ட சளி, காய்ச்சல்னு போயிருக்கா. நெஞ்சைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல, சத்தியமா!”

“அப்ப டாக்டரையே கேட்டுடலாம்!” என்று ஜுக் சாவியை எடுத்தான்.

கிளினிக் இருந்த இடத்தில் காப்பிக்கடை இருந்தது. டாக்டர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார் கடைக்காரர்.

“எல்லாம் போச்சு. செத்தவரையா கூண்டுல ஏத்த முடியும்?” என்று ஜுக் தலையில் கை வைத்தான்.

“நூடுல்ஸ் கடைக்கு விடு,” என்றாள் லமாய்.

கடையின் தகரக் கூரை புதிது. குங் மூச்சு வாங்க வாங்கப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். லமாயோ சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, கோயில் முத்திரையிட்ட ஒரு தாளை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“போன வருஷம் கடை எரிஞ்சப்ப பிக்கு எழுதிக் குடுத்தது,” என்றாள் குங். “சாகப் பயமில்லக்கா. பொய்க்காரின்னு சொல்லிச் சாகடிக்கறாங்களே, அதைத்தான் தாங்க முடியல.”

“நீ சாக மாட்ட. வட்டார அலுவலகத்துல குடுத்த தாளும் இருக்கா? எடு.”

சாமி காகிதம் படிக்கவா வந்தோம் என்று ஜுக்குக்கு எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை காலை காப்பீட்டு அலுவலகத்தில் லமாய் எல்லோரையும் உட்கார வைத்தாள். மேலாளர் கன்னிகா, கோரிக்கைகளை ஆராயும் விட்டூன், பிரசோங், ஜுக்.

“இது டாக்டர் கைப்பட எழுதினதா?” என்று அட்டையின் நகலைக் காட்டினாள்.

“ஆமா. அவரோட பழைய பெட்டியிலருந்து நானே எடுத்தேன்,” என்றான் விட்டூன். “அதுக்கப்புறம் யாரும் ஒரு எழுத்தைக்கூடத் தொடல.”

“டாக்டர் உயிரோட இருந்தப்ப எழுதினது?”

“பின்ன, செத்தப்புறமா வந்து எழுதுவாரு?” என்று அவன் சிரித்தான்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்.” லமாய் வட்டார அலுவலகத்தின் தாளை மேசையில் வைத்தாள். “பொறந்ததிலருந்து இவ பேரு சாலீ. போன வருஷம் கடை எரிஞ்சுது. அந்தப் பேரு ராசியில்லன்னு பிக்கு வேற பேரு குடுத்தார். அதுதான் நத்தனிச்சா. அதைப் பதிஞ்ச தாள்தான் இது. டாக்டர் செத்தது அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. தன் காதால கேக்காத பேரை அவர் எப்படி எழுதினார்?”

ஜுக் அட்டையின் நகலை இழுத்து மறுபடி படித்தான்.

“ஊரே அவளைக் குங்னுதான் கூப்பிடுது. அதனால அட்டையில இருக்கறது எந்தக் காலத்துப் பேருன்னு கட்டின புருஷன்கூட யோசிக்கல. பேரு மாறினதும் இவங்க பாலிசியையும் திருத்தினாங்க. அந்தப் பாலிசியைப் பாத்துத்தான் யாரோ இந்த அட்டையை எழுதியிருக்காங்க.”

“கிளினிக் நர்ஸ் யாராவது நகல் எடுத்தப்ப...” என்று விட்டூன் இழுத்தான்.

“யாரும் தொடலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

விட்டூன் கன்னிகாவைப் பார்த்தான். “மாசத்துக்கு நாலு கோரிக்கையாவது தள்ளணும்னு நீங்கதானே மேடம்...”

“இதை விசாரிக்கணும்,” என்று கன்னிகா அவசரமாக எழுந்தாள். “அடுத்த வாரம்...”

லமாய் தன் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஒப்புதல் வர்ற வரைக்கும் நான் எழுந்திரிக்கறதா இல்ல. போலீசுக்கு எப்படியும் போவேன், கையெழுத்துப் போட்டா விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. ஆனா முதல்ல அவ பிழைக்கணும்.”

அரை மணி நேரம் கழித்துக் கன்னிகா பேனாவைத் திறந்து ஒப்புதலில் கையெழுத்துப் போட்டாள்.

பிரசோங் மருத்துவமனையை அழைத்தான். வாயைத் திறந்தவனுக்கு அழுகைதான் வந்தது. ஜுக் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

“நூடுல்ஸ் கடைக்கார அம்மா நாளைக்குக் காலையில வர்றாங்க! அந்தப் படுக்கையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க!”