செவிட்டுப் பக்கம்

மன்னாரிலிருந்து வந்த கசெற்றில் மனைவி செலஸ்ரீனா அழவில்லை. அதுதான் அந்தோனிமுத்துவை முதலில் உறுத்தியது. பிள்ளையின் இருமல், கூரைத் தகரம், ஆட்டுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசியில் மெல்லக் கேட்டாள்.

"போன கசெற்றில நீங்கள் கதைக்கேக்கை பக்கத்தில ஆரோ மூச்சு விடுது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டனான். ஆரையும் வைச்சிருக்கிறியளெண்டால் சொல்லிப்போடுங்கோ. நானும் பிள்ளையும் அங்கை வரேல்லை."

கடல் கடந்து வந்து குடியிருக்கிற பிரான்காச்சோப் பேட்டையில், அந்த ஒற்றை அறைக்குள் அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது. சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரின் தோடம்பழம் பறித்து, முதுகு கழன்று வந்து கட்டிலில் விழுகிறவன் அவன். எழுத்து இன்னும் கைக்குள் வரவில்லை, அதனால்தான் பேசி அனுப்புவது. அவளுக்கும் பிள்ளைக்கும் விசா கிடைத்து, பயணத்துக்கு நாள் பார்க்கிற நேரத்தில் இப்படி ஒரு கேள்வி.

வேறொரு கசெற்றைப் போட்டு நாலு வார்த்தை பேசிப் பதிந்து கேட்டுப் பார்த்தான். இருந்தது. அவன் குரலுக்கு அடியில், பதிவுப் பெட்டியின் மோட்டர் இரைச்சலுக்கும் அடியில், மூக்கு உடைந்தவன் விடுகிற மாதிரி ஈரமான, நீளமான மூச்சு.

ஞாயிறு பூசை முடிந்ததும் விமலராஜிடம் சொன்னான். கோவில் பாடகர் குழுவுக்கு ஒலிபெருக்கி பார்க்கிற பெடியன். அவன் சிரித்தான்.

"பெட்டிக்குள்ள கிடக்கிற மைக்குக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை அண்ணை. நாலு பக்கத்தாலையும் கேக்கும். பக்கத்து வீட்டுக் கிழவன்ரை குறட்டையைக் கேட்டிட்டு அக்கா உங்களுக்குப் பெட்டை பிடிச்சுத் தந்திட்டா."

தன் பையிலிருந்து கம்பிவலைத் தலை வைத்த மைக் ஒன்றையும், பதிகிறபோதே கேட்பதற்கு ஒரு காதுக்குமிழையும் எடுத்துக் கொடுத்தான். இது முன்னுக்கு நிற்கிறவனை மட்டும்தான் கேட்கும் என்றான். வலைக்குப் பின்னால் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, முதுகுப் பக்கமிருந்து வருகிற சத்தம் அந்த வழியாலும் நுழைந்து, தன்னைத் தானே அடித்துக்கொண்டு மைக்குக்குக் கேட்காமல் போகும். வாயை ஒட்டிப் பிடித்தால் குரல் பானைக்குள் பேசுவதுபோலத் தடித்துவிடும், நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கோவிலுக்கு வருகிற பேரின்பநாயகம் நாளைக்கு ஊருக்குப் பறக்கிறார், பின்னேரம் தானே வந்து கசெற்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னான்.

அன்று மத்தியானம் செம்மண் தூசியோடு சிறோக்கோக் காற்று அடித்தது. கீழே கடைகள் பூட்டியாயிற்று. கோப்பை கழுவுகிற சத்தமும் ஒவ்வொரு வீடாக அடங்கி, தொடர்மாடி முழுவதும் உண்ட களைப்பில் கிடந்தது. தூசிக்குப் பயந்து ஜன்னல் பலகையை இறக்கியிருந்ததால் அறைக்குள் பகல் என்பதே இல்லை, இடுக்கு வெளிச்சம் மட்டும் மேசையில் கோடு கோடாக விழுந்தது. கையில் மந்தரின் தோல் மணம். அதையும் மீறி, குடிவந்த நாளிலிருந்து போகாத பச்சைச் சுண்ணாம்பு மணம். எதிர்ச் சுவரில் ஒரு கதவளவுக்குப் புதிதாகப் பூசியிருந்தார்கள். ஈரம் பிடித்த இடம் என்று சொன்ன வீட்டுக்காரன், அந்தப் பக்கம் திரும்பாமலே திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனான்.

விமலராஜுக்காகக் கதவைப் பூட்டாமல் விட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மைக்கைப் பெட்டியில் செருகி, நாலு விரல் தள்ளிப் பிடித்தான்.

"செலஸ்ரீனா, கோவிலாணை இஞ்சை நான் தனியத்தான் இருக்கிறன்."

பேசி முடித்து, நாடாவைப் பின்னுக்குச் சுற்றிவிட்டுக் கேட்டான். அவன் குரல். அவன் குரல் மட்டும். மூச்சு இல்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, தன்பாட்டில் சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

மைக்கின் முகம் அவனைப் பார்த்து இருந்தது. செவிட்டு முதுகு சுவரைப் பார்த்து இருந்தது. பின்பக்கத்துச் சத்தம் இல்லாமல் போய்விடும் என்று விமலராஜ் சொல்லவில்லை. மைக்குக்குக் கேட்காது என்றுதான் சொன்னான்.

விட்டிருக்கலாம். கை விடவில்லை. காதுக்குமிழைச் செருகினான், மிச்ச நாடாவில் பதியட்டும் என்று பொத்தானை அமத்தினான், மைக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

குமிழ் செருகிய காதில் மூச்சு. மற்றக் காதில் ஜன்னல் பலகை ஆடுகிற சத்தம் மட்டும். அவன் தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை. முதலில் அறையின் அந்தக் கரையிலிருந்து வருவதுபோல மெலிதாக இருந்தது. பிறகு கொஞ்சம் தடித்தது. காலடி இல்லை, நிழல் இல்லை, கண்ணுக்கு முன்னால் வெளிச்சக் கோடுகளில் தூசி அசையாமல் நின்றது. காதுக்குள் மட்டும் அது இன்னும் தடித்தது.

இன்னும்.

பானைக்குள் விடுகிற மூச்சு.

மைக்கின் வலை நனைந்தது. சுண்ணாம்பு மணம். வலையின் நடுவில் சின்னதாக ஒரு குழி விழுந்தது, யாரோ வாயால் அமத்தியதுபோல.

எழும்பப் பார்த்தான். மணிக்கட்டை ஏதோ பிடித்தது. முறுக்கியது. மந்தரின் கொப்பு முறிகிற சத்தம். அவன் எலும்பு. மைக்கின் முகம் மெல்ல அவன் பக்கம் திரும்பியது. முறிந்த அவன் கையாலேயே வாயில் அடித்தது. மறுபடியும். முன்பல் உடைந்தது. மறுபடியும். வலை உதட்டைக் கிழித்து உள்ளே போனது.

"விடு. நான் ஒண்டும் செய்யேல்லை. என்னை விடு."

காதுக்குள் அவன் குரல், பானைக்குள் பேசுகிற மாதிரி. அதன் மூச்சு ஒரு துளியும் இல்லை. அது இப்போது செவிட்டுப் பக்கம் நின்றது.

நாற்காலி சுவரை நோக்கி இழுபடத் தொடங்கியது. மேசையின் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. இரண்டு சில்லும் நிதானமாகச் சுழன்றன. செலஸ்ரீனா எத்தனை தரம் போட்டுக் கேட்டாலும் சந்தேகப்பட ஏதுமில்லாமல், நாடாவில் ஒரேயொரு குரல் ஏறிக்கொண்டிருந்தது.