பிரேமுக்கு வெளியே

காலிங் பெல் அலறியது.

பிரியதர்ஷினியின் கையிலிருந்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் நழுவி, கடைசி நொடியில் விரல்களில் தங்கியது. பெல் அடித்ததில் ஒன்றும் அதிசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாலையில் ஆட்கள் வருவதாக இருந்தார்கள். ஆனால் கரோல் பாக்கின் அந்த இரண்டாம் மாடி வீட்டு பெல் குருவி மாதிரி கீச்சிடும் பெல். இப்போது கேட்டது குருவி அல்ல. பழைய காலத்து பஸ்ஸர். தகரத்தில் துளை போடுவதுபோல் நீளமாக, கரகரப்பாக, யாரோ பொத்தானில் வைத்த விரலை எடுக்க மறந்து நிற்பதுபோல்.

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். டி.வி.யில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் மாடிப்படி ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே நுழைந்து, கைப்பிடிக் கம்பியில் ஈரமாகப் படிந்திருந்தது. கீழே தெருவில் கடலை வறுக்கும் வாசனையும் டீசல் புகையும். பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தாள். குருவி கீச்சிட்டது.

"யாருட்டி?" என்று உள்ளிருந்து கேட்டான் கௌதமன்.

"பெல் அடிச்சுதே, கேக்கலையா உனக்கு?"

"பெல்லா? ஒண்ணும் கேக்கலையே."

அவன் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக் கொண்டிருந்தான். அவனுடைய பிரம்பு நாற்காலி முந்தைய நாளே மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

எல்லாம் ஒரு பழைய தொடருக்காக. எண்பதுகளின் இறுதியில் வந்த 'பதினோராவது தூண்'. தில்லித் தமிழர்களையே நடிக்க வைத்து, தில்லியிலேயே எடுத்த துப்பறியும் தொடர். சாம்பல் நிற சூட்டில், மழையில் நனையாத நடையில் வரும் துப்பறிவாளர் மாறன், கறுப்பு கார், கனாட் பிளேஸ் தூண்களுக்கிடையே வழியும் சாக்ஸபோன். அதில் லீலா என்ற கிளப் பாடகி தனியாக ஒரு மாடி வீட்டில் வசிப்பாள். ஓர் இரவு பஸ்ஸர் அலறும். அவள் போய்க் கதவைத் திறப்பாள். காமிரா வாசலில் நிற்கும். வந்தவனின் கண்ணே காமிரா. வந்தவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். லீலாவின் முகம் மாறும். திரை இருண்டுவிடும். அத்தோடு தொடர் நின்று போனது. வந்தவன் யார் என்று இன்று வரை எவருக்கும் தெரியாது.

அதை வி.சி.ஆரில் பதிவு செய்து காப்பாற்றியவர் ராஜகோபால். லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. அவரைச் சுற்றி ஒரு வாட்ஸ்அப் குழு வளர்ந்தது. ஞாயிறுதோறும் படப்பிடிப்பு நடந்த இடங்களைத் தேடிப் போவார்கள். பழைய காட்சியை மொபைல் திரையில் பாதி மங்கலாக ஓடவிட்டு, கண்ணெதிரே இருக்கும் இடத்தின் மேல் பொருத்துவார்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து படியும்போது ஒரு கிளிக். அதுதான் அவர்களுக்குத் தீபாவளி.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது இந்த ஜன்னலின் கம்பி வேலையைப் பார்த்ததும் பிரியாவுக்கு மூச்சு நின்றது. உதிக்கும் சூரியனைப்போல் விரியும் கம்பிகள். லீலாவின் ஜன்னல். வாடகை அதிகம், குழாயில் தண்ணீர் வருவதோ குறைவு; கௌதமன் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தான். குழு கொண்டாடியது. லீலாவின் அறையிலேயே உட்கார்ந்து கடைசிப் பகுதியைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அறை காட்சியில் இருந்தபடியே இருக்க வேண்டும். குழுவுக்கு ஒரே ஒரு விதி: பிரேமில் இல்லாதது வெளியே.

வார இறுதி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று வெளியே போனது. முதலில் அவனுடைய ஷூ ராக். பிறகு கேரம் போர்டு. பிறகு அவன் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து கொடுத்தனுப்பிய மர அலமாரி. உள்ளே வந்தவை மஞ்சள் திரைச்சீலை, குடை விளக்கு, கறுப்பு டெலிபோன், சாம்பல் கிண்ணம்.

"இன்னும் என்னத்தட்டி வெளிய தூக்கிப் போடப் போற?" என்று தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான். "நான் ஒருத்தன்தான் பாக்கி."

அவள் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள்.

நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. பனி ஜன்னலில் பஞ்சுபோல் அடைத்துக்கொண்டு நின்றது. பிரியா வாசலுக்கு வெளியே, லீலாவைத் தேடி வந்தவன் நின்ற இடத்தில் நின்று, மொபைலை உயர்த்திப் பிடித்தாள். விளக்கு பொருந்தியது. திரைச்சீலையின் மடிப்புகூடப் பொருந்தியது. சுவரில் மட்டும் ஒரு செவ்வகம் உறுத்தியது. அவர்கள் கல்யாணப் போட்டோ. உள்ளே போய்க் கழற்றினாள். ஒரு கணம் தயங்கி, ஆணியையும் பிடுங்கினாள். போட்டோவைப் படுக்கையறைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினாள்.

கௌதமன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பி நின்றான். வருகிறவர்களுக்குச் சமோசா வாங்கி வருவதாகச் சொன்னான்.

"ஒரு நிமிஷம், பிரேமுக்குள்ள வராத. எனக்குப் பின்னாடி வந்து நில்லு."

அவன் வந்து அவளுக்குப் பின்னால் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது. இஞ்சி டீயின் வாசனை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. கிளிக்.

"பாத்தியா கௌதம், ஒரு நூல்கூட விலகல."

திரும்பினாள். படிக்கட்டில் பனி மட்டும் நின்றது.

போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அந்தப் படிகளில் பூனை இறங்கினாலே கேட்கும். கதவைச் சாத்தினாள். சாத்தியதும் வீடு வேறு மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை. தெருவின் ஹாரன்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் மெலிதாக, சீராக, ஒரு இரைச்சல். பழைய டேப்பில் வசனம் தொடங்கும் முன் கேட்குமே, அது.

சமோசாக் கடை தெருமுனையில்தான். அவன் வரவில்லை.

போன் செய்யலாம் என்று மொபைலைத் திறந்தாள். அவன் பெயரைத் தேடினாள். கௌ என்று அடித்தும் எதுவும் வரவில்லை. மனப்பாடமாக இருந்த எண்ணைப் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் இந்தியில் பொறுமையாகச் சொன்னாள்.

குளியலறைக்குப் போனாள். தம்ளரில் ஒரே ஒரு பிரஷ். படுக்கையறை பீரோவைத் திறந்தாள். அவன் பக்கத்தில் காலி ஹேங்கர்கள், திறந்த வேகத்தில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆடின. கட்டிலுக்கு ஓடினாள். போட்டோ இல்லை. விரிப்பை உதறினாள். தலையணையைத் தூக்கினாள். இல்லை. முன்னறைச் சுவரைத் தடவினாள். ஆணி இருந்த ஓட்டை இல்லை. வழவழவென்று சுவர்.

மொட்டை மாடி.

இரண்டிரண்டு படியாக ஏறினாள். பனியில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்றுகூடத் தெரியவில்லை. வெளியே போட்ட சாமான்களை மூடியிருந்த தார்ப்பாயைக் கையால் துழாவிக் கண்டுபிடித்தாள். அது மேடாகத்தான் இருந்தது. நாற்காலியின் முதுகு, ஷூ ராக்கின் விளிம்பு, எல்லாம் துணிக்கு அடியில் புடைத்துக்கொண்டு தெரிந்தன. அழுகை வந்தது. எல்லாவற்றையும் உள்ளே கொண்டு போய்விட வேண்டும். இருந்த இடத்தில் வைத்துவிட்டால் அவன் வந்துவிடுவான். எப்படி என்று யோசிக்கவில்லை. அதை மட்டும் நம்பினாள். தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள்.

தார்ப்பாய் மெதுவாகத் தரையில் படிந்தது. அடியில் வெறும் சிமெண்ட். ஈரமில்லாத சிமெண்ட்.

கீழே பேச்சுக்குரல்கள் கேட்டன. குழுவினர் வந்துவிட்டார்கள். பிரியா இறங்கி ஓடினாள்.

ராஜகோபால் பென் டிரைவைக் கோட்டுப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார். மோதி பாக்கிலிருந்து ஏகாம்பரம், கழுத்து வரை ஸ்வெட்டர். கடைசியாக ஷ்வேதா, குர்கானில் வேலை பார்க்கும் பெண், குழுவில் எல்லோரையும்விடச் சின்னவள். அவள் கையில் எண்ணெய் படிந்த ஒரு பொட்டலம்.

"சமோசா அக்கா. நீங்கதானே மெசேஜ் பண்ணீங்க, வாங்கிட்டு வரச்சொல்லி."

அப்படி ஒரு மெசேஜ் அனுப்பவே இல்லை என்று பிரியா சொன்னாள். கௌதமனைப் பார்த்தீர்களா, தெருமுனையில், மப்ளர் போட்டுக்கொண்டு, உயரமாக, என்று கேட்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் கௌதமன் என்று ஏகாம்பரம் மரியாதையாகக் கேட்டார். போன மாதம் அவரோடு இதே வாசலில் அரை மணி நேரம் கிரிக்கெட் பேசியவன் கௌதமன்.

"என் ஹஸ்பண்ட், அங்கிள். காணோம். அவன் சாமான்கூட ஒண்ணும் இல்ல. போலீஸ்ல சொல்லணும்."

ராஜகோபாலின் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் கை தட்டினார்.

"அப்படியே லீலாம்மா நீ. குரல் முதக்கொண்டு."

"லீலா தனியா இருக்கிறவ அங்கிள். அவ யாரைத் தேடினா?"

"என்னம்மா இது, மொத சீன்லேருந்து புருஷனைத்தானே தேடிண்டிருப்பா? அப்படி ஒருத்தன் இருந்தான்னு யாருமே நம்ப மாட்டா. கதையே அதானே."

ஷ்வேதா சிரித்தாள். அக்கா நடிப்பில் ரொம்ப ஊறிவிட்டார் என்றாள்.

பிரியா அறை நடுவில் நின்றாள். பிறகு விளக்கைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளினாள். மஞ்சள் திரைச்சீலையை இரண்டு கையாலும் இழுத்தாள், வளையங்கள் சிதறின. டெலிபோனைச் சோபாவில் வீசினாள். யாரும் கோபப்படவில்லை. ஏகாம்பரம் குனிந்து வளையங்களைப் பொறுக்கினார். ஷ்வேதா விளக்கை அதன் இடத்துக்கு நகர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, இன்னும் அரை விரல்கடை தள்ளினாள். ராஜகோபால் டெலிபோனை மேசையில் வைத்து வயரைச் சுருள் மாறாமல் அடுக்கினார். தவறிப் போனதைச் சரிசெய்யும் அன்போடு செய்தார்கள். அறை மறுபடியும் பொருந்திவிட்டது.

"உக்காரும்மா. ஆரம்பிச்சுடலாம்."

அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் ஷ்வேதாவின் தோள். மறுபக்கம் ஏகாம்பரத்தின் ஸ்வெட்டர், நாப்தலின் வாசனை. விளக்கை அணைத்தார்கள்.

சாக்ஸபோன். தூண்கள். மழை.

குழுவின் வழக்கப்படி எல்லோரும் வசனங்களைக் கூடவே சொன்னார்கள். மாறனின் குரலுக்கு முன்பாக இவர்கள் குரல் போய் நிற்கும். ஒரு எழுத்து பிசகாது. பிரியாவுக்கும் மனப்பாடம்தான். ஆனால் இன்று அவளுக்குத் தெரியாத வசனங்கள் வந்தன. லீலா மாறனிடம் அழுதாள். எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார் என்றாள். ராஜகோபாலும் ஏகாம்பரமும் ஷ்வேதாவும் அதே மூச்சில் சொன்னார்கள்.

திரையில் அறை வந்தது. இந்த அறை. விளக்கு. திரைச்சீலை. டெலிபோன். சோபாவில் லீலா.

பஸ்ஸர் அலறியது.

டி.வி.யிலா, வாசலிலா? பிரியாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழ முயன்றாள். இரண்டு தோள்களும் இறுக்கின.

திரையில் லீலா எழுந்தாள். நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கவில்லை. காதைக் கதவில் ஒட்டவைத்தாள்.

இப்படி இல்லை. இதில் கதவு திறக்கும். வந்தவன் பேச மாட்டான். வசனமே கிடையாது.

காட்சி மாறியது. மூடிய கதவின் வெளிப்பக்கம். காமிரா படிக்கட்டில் நின்றது. படம் லேசாக ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல்.

இஞ்சி டீயின் வாசனை வந்தது.

பக்கத்தில் மூவரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். பிடித்த வசனம் வரப்போகிறது. அவர்கள் முகங்களில் நீல வெளிச்சம். உதடுகள் தயாராக விரிந்தன. கும்பகோணத்து ராஜகோபால், கோயம்புத்தூர் ஏகாம்பரம், தமிழே தடுமாறும் ஷ்வேதா. மூன்று வாயிலிருந்தும், டி.வி.யிலிருந்தும், கதவுக்கு வெளியிலிருந்தும் பாளையங்கோட்டைக்காரன் ஒருவனின் குரல் ஒரே சீராக வந்தது.

"ஏட்டி பிரியா, இங்க ஒரே இருட்டா கெடக்கு. கதவத் தொற."