சிவப்புக் கோடு இல்லாத படம்

தாளிலிருந்து பெற்றோல் மணம் வந்தது. பதினெட்டு வருடம் கறையானோடு கிடந்த கடதாசியில் புழுதிதான் மணக்க வேண்டும். கதிர்காமநாதன் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

வவுனியாக் கந்தோரில் வாய்க்காலும் மதகும் வரைகிற படவரைஞர் அவர். வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் வரைந்து, கட்டாமலே கைவிட்ட விமானங்களில் அப்படியொரு பைத்தியம். அந்தப் படங்களைக் கேட்டு ஊர் ஊராகக் கடிதம் எழுதி ஓய்ந்தவருக்கு, பழைய ஓடுபாதையோரத் தகரக் கொட்டிலில் இந்த ஒரேயொரு தாள் அகப்பட்டது. விடுவாரா? பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி விமலேஸ்வரியிடம், "நாலு மணிக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்திருந்தார்.

தாளில் மூலைக்கு மூலை, பெருக்கல் குறிபோல, இரண்டு சிவப்புக் கோடுகள். கைவிட்ட படத்துக்கு எந்தக் கந்தோரிலும் அப்படித்தான் போடுவார்கள். பிரதி எடுக்கும்போது விபரம் தெளிவாக விழட்டும் என்று அந்தக் கோடுகளை விட்டுவிடுவதும் படவரைஞர் வழக்கம்தான். அவரும் விட்டார். தாளின் மேல் விரித்த மெல்லிய பிரதித் துணியில் இறக்கை, வால், ஆசனம், ஆசனத்தில் அளவுக்காக ஒரு மனிதன் என்று எல்லாவற்றையும் வரைந்து முடித்தார்.

வெளிச்சுவரில் ஆணி அறைகிற சத்தம் கேட்டது.

வெயிலுக்குத் தகரம் முறுகுகிறதாக்கும் என்று நினைத்தார். அதுவோ ஒரே சீராக, சாணுக்கொன்றாக, சுவரின் கோடியிலிருந்து கதவை நோக்கி வந்தது. கூடவே சுட்ட இரும்பின் மணமும், யாரோ தாழ்ந்த குரலில் அளவு சொல்லுகிற முணுமுணுப்பும் வந்தன. எழும்பினார். தலை கூரையில் இடித்தது. வந்தபோது கை நீட்டினாலும் எட்டாத கூரை அது.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. விளிம்பைச் சுற்றிப் புது ஆணித்தலைகள். தொட்டால் சுட்டன.

"வீரகத்தியண்ணை, கதவைத் திறவுங்கோ."

"கதவு எங்கை ஐயா?" வெளியே காவற்காரர் வீரகத்தியின் குரல் சுற்றி வந்தது. "சுத்திச் சுத்திப் பாக்கிறன். காணேல்லை."

திரும்பிப் பிரதியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிரதியில் சிவப்புக் கோடு இல்லை. கைவிட்ட விமானத்தைக் கட்டச் சொல்லி அவரே படம் கொடுத்திருக்கிறார்; அது அவரைச் சுற்றியே எழும்புகிறது.

சிவப்பு மைப்போத்தலைத் திறந்தார். அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தார். அது ஆசனத்து மனிதனைக் குறுக்கறுத்துப் போனது.

ஒரு பக்கத்துச் சத்தம் நின்றது.

நெஞ்சில் ஈரம். குனிந்து பார்த்தார். சட்டை கிழிந்திருந்தது. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை. நேராக. ரத்தம் பிறகுதான் வந்தது.

மற்றச் சுவரில் ஆணிகள் நெருங்கின. கூரை பிடரியை அழுத்தியது.

"ஐயா, ஆஸ்பத்திரியிலை இருந்து ஆள் வந்திருக்கு," என்றார் வீரகத்தி. "ஆம்பிளைப் பிள்ளையாம்."

கதிர்காமநாதன் பேனாவை மையில் தோய்த்தார். மற்ற மூலையில் அடிமட்டத்தை வைத்தார்.